கழுத்தில் நெறி கட்டினால் சோதிக்காமலே டி.பி. மாத்திரையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டைப் புற்றுநோய் பற்றி எந்தப் பத்திரிகையில் கட்டுரை வந்தாலும் பக்கத்திலேயே ஒரு சிகரெட் படம் இருக்கும். பெரியவர்களைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பன்னிரண்டு, பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கும் தொண்டையில் புற்றுநோய் வரலாம், அது எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாமலே வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது இந்த நோய் வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, பசங்களோட சேர்ந்து எதுவும் பழகினியா?" ஊசி மருந்தையெல்லாம் பல்லைக் கடித்துத் தாங்கிய பையன் இந்தக் கேள்விக்குத்தான் அழுதான்.

அவனுக்கு வந்தது மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே இருக்கிற மேல்தொண்டையில். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாலும் அந்த இடம் தெரியாது. பிள்ளைகளுக்கு வரும் இந்த வகையில் பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸுக்குப் பங்கு உண்டு. அந்த வைரஸ் நம்மில் மிகப் பெரும்பாலானவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பதுதான், மிகச் சிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது. தென் சீனாவில் இந்த நோய் அதிகம், நம் நாட்டில் நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் அதிகம், நம் ஊரில் அபூர்வம். யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. அபூர்வம் என்பதால்தான் இது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

எப்படித் தப்புகிறது என்று சொல்கிறேன். முதலில் பையனுக்கு மூக்கடைப்பு, சைனஸ் என்றார்கள். அப்புறம் அடிக்கடி மூக்கில் ரத்தம், சூடு என்று சொல்லி தலைக்கு எண்ணெய் வைத்து இளநீர் கொடுத்தோம். ஒரு காது அடைத்த மாதிரி இருக்கிறது என்றான், அதற்குச் சொட்டு மருந்து. கடைசியில் காதுக்குக் கீழே கழுத்தில் நெறி கட்டியது. வலியே இல்லை. வலி இல்லாததால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டான், கட்டி வளர்ந்துகொண்டே போனது. மூக்கு, காது, கழுத்து மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாமே என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

டாக்டர் டி.பி. என்று சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நம் நாட்டில் பிள்ளைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டினால் சாதாரண தொற்றாகவோ டி.பி.யாகவோ இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதிக்காமலே ஆறு மாத மாத்திரையை ஆரம்பிப்பதைத்தான் நான் தப்பு என்கிறேன். அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்கிறார்கள். அதில் சந்தேகம் வந்தால் காது மூக்கு தொண்டை நிபுணர் மூக்கு வழியாகச் சின்ன கேமரா குழாய் விட்டுப் பார்த்து, தேவையென்றால் துளி சதை எடுத்து அனுப்புவார். "ஊசி பட்டா பரவிடும்" என்று சொல்லித் தடுக்கிற பெரியவர்கள் இன்னமும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

இது குணமாகிற நோய் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கழுத்து நெறிகள் வரை பரவியிருக்கும், அப்படியிருந்தும் நல்ல மையங்களில் முழுச் சிகிச்சை எடுத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைத்து நன்றாக இருக்கிறார்கள். முதலில் கீமோ, அப்புறம் கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, அது வாரத்துக்கு 5 நாள் என்று ஆறேழு வாரம் போகும். வாயெல்லாம் புண்ணாகி கஞ்சிகூட இறங்காது. அந்தக் கட்டத்தில் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிற குடும்பங்களை ஆஸ்பத்திரியில் பார்த்தோம், காசில்லாமல், கூடத் தங்க ஆளில்லாமல். மருந்துச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வழி இல்லாமல்தான் திண்டாடுகிறார்கள். அரசு இதைக் கவனிக்க வேண்டும்.

நான் ஆசிரியை என்பதால் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு எச்சில் சரியாகச் சுரக்காது, வகுப்பில் தண்ணீர் பாட்டிலை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுங்கள். கீமோ மருந்தால் காது மந்தமாகியிருக்கலாம், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று மற்ற பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள். தைராய்டு, பல், காது மூன்றையும் பல வருஷம் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்காக அவன் லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் கண்ணையும் பல்லையும் பார்க்கும்போது கழுத்தையும் ஒருமுறை தடவிப் பார்க்கலாம். மூன்று, நான்கு வாரமாகியும் கரையாத கட்டி இருந்தால், அதிலும் ஒரு பக்க மூக்கடைப்போ காதடைப்போ சேர்ந்திருந்தால், உடனே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்திலும் இந்த அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் போடுங்கள், இந்த முறை சிகரெட் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
சங்கரன்கோவில்.