முதலில் நிலம், அப்புறம் கல்யாணம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் நாவலிலிருந்து நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். கல்யாண அத்தியாயத்தை மட்டும் திரும்பவும் படித்தேன். பனிக்கட்டிக்கு அடியில் ஒரு கடல், சூரியனையே அறியாத உயிர்கள், அவர்களுக்குள் ஒரு காதல். இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அந்தக் கல்யாணம் நம் ஊர்க் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலமாக வருகிறான், பெண்ணின் தகப்பன் கையைப் பிடித்துக் கொடுக்கிறான், தாலிக்குப் பதிலாக ஒரு நீலக் கல். கைகள் ஆறு, தோல் வெள்ளி நிறம், வழக்கம் மட்டும் நம்முடையது. அதுவும் வெளிச்சமே நுழையாத கடலில் அந்தக் கல் நீலம் என்று யாருக்குத் தெரியும்?

பள்ளியில் தொல்காப்பியம் படித்தாயே, முதல், கரு, உரி என்று. புதிதாக ஓர் உலகத்தைக் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. முதலில் நிலமும் பொழுதும். அப்புறம் அந்த நிலத்தின் மரம், விலங்கு, உணவு, தொழில், பறை. அதற்குப் பிறகுதான் சேர்வதும் பிரிவதும் காத்திருப்பதும் ஊடுவதும். மூன்றில் உரிப்பொருள்தான் சிறந்தது என்று உரையாசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். ஆனாலும் தொல்காப்பியர் அதைக் கடைசியில் வைக்கிறார். முல்லையில் அவள் ஏன் காத்திருக்கிறாள்? மழைக்காலம் வந்தால் போர் நிற்கும், போனவன் வீடு திரும்புவான். காதலுக்கு முன்பே கார்காலம் வந்துவிடுகிறது. நீயோ நேராக உரிக்குப் போய்விட்டாய்.

நீ எட்டாவது படித்தபோது வால்பாறையில் இருவாச்சிக் கூடு பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? மரப்பொந்துக்குள் பெண் புகுந்துகொண்டு, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல். உள்ளேயே அதன் சிறகுகள் உதிர்கின்றன, பறக்கவும் முடியாது. மூன்று நான்கு மாதம் அப்படி. ஆண் வந்து உட்காரும் முன்பே இறக்கைச் சத்தம் கேட்டது. தலையை ஓர் உதறு உதறி, தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டியது. மறுபடி ஓர் உதறல், மறுபடி ஒரு பழம். நீ ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தாய்.

அந்தப் பறவை ஜோடி சேரும் காலத்தில் என்ன செய்கிறது தெரியுமா? ஆண் பழம் கொண்டுவந்து பெண்ணுக்கு ஊட்டுகிறது. பொந்து அடைபட்ட பிறகு எது தேவையோ, அதுவே முன்கூட்டி நடக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு எந்த இடத்தில் உயிர் ஊசலாடுமோ, அந்த இடத்தைத்தான் காதல் காலம் சோதித்துப் பார்க்கிறது என்று நான் நினைக்கிறேன். குளத்து இலைக்கோழியை எடுத்துக்கொள். அங்கே முட்டையை அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். அதனால் உருவத்தில் பெரியவளும் அவள்தான், இடத்துக்காகச் சண்டை போடுகிறவளும் அவள்தான். பிள்ளையை யார் வளர்க்கிறார்கள் என்பதை முடிவு செய்தால் பாதி சடங்கு தானாக வந்துவிடும். உன் கதையில் ஒரு குழந்தைகூட இல்லையே, கவனித்தாயா?

சரி, உன் கடலுக்கு வருகிறேன். வியாழனின் நிலவான யூரோப்பாவை மனதில் வைத்துத்தான் எழுதுகிறாய் என்று தெரிகிறது. 2024-இல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடைய வேண்டும். அதற்குள் நாவலை முடித்துவிடு! யூரோப்பா வியாழனை ஒருமுறை சுற்ற மூன்றரை நாள். அந்தச் சுற்றில் வியாழனின் இழுப்பு கூடிக் குறைவதால் பனி ஓடு நெளிகிறது. பகலும் இரவும் தெரியாதவர்களுக்கு அந்த நெளிவின் முனகலே பொழுதாக இருக்கட்டும். முகூர்த்தத்தையும் அதை வைத்துக் குறிக்கட்டும்.

உணவு? நம் பூமியிலேயே 1977-இல் கலாபகோஸ் பக்கத்தில் கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். வெயிலே படாத ஆழத்தில், கந்தக வாயுவை உண்டு வாழும் பாக்டீரியாக்களை நம்பி ஒரு பெரிய உயிர்க்கூட்டமே இருந்தது. ஓர் ஊற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே குளிர்ந்த வெறும் இருட்டு. ஊற்றுக்கு ஆயுளும் நிரந்தரம் இல்லை. சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ அடங்கிப்போகும். இதுதான் உன் நிலம். ஊற்று ஒவ்வொன்றும் ஓர் ஊர்.

ஊற்றுக்கு ஊற்று தாது வேறுபடும். எனவே ஒவ்வோர் ஊர்க்காரர் தோலிலும் அந்த ஊர் ருசி ஊறியிருக்கும் என்று வை. ஒரே ருசி என்றால் பங்காளி, கல்யாணம் கிடையாது. வேறு ருசிக்காரரைத்தான் கட்ட வேண்டும். அப்படியானால் ஒருவர் அந்தக் குளிரைக் கடந்து வந்தாக வேண்டும். பாதி உயிரோடு வந்து சேருகிறவருக்கு முதல் வாய் உணவை யார் கொடுக்கிறார்களோ, அதுதான் நிச்சயதார்த்தம். ஊர்வலமும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அந்த ஒரு வாய் உணவுக்காக ஊரே சுற்றி நின்று காத்திருப்பதை நீ எழுதினால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இன்னும் ஒன்று. ஆழ்கடல் தூண்டில் மீனைப் பற்றிப் படி. 1922-இல் ஐஸ்லாந்தின் மீன் ஆய்வாளர் சைமுண்ட்சன் ஒரு பெண் மீனின் உடம்பில் சின்ன மீன்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்துக் குஞ்சுகள் என்று எண்ணினார். அவை ஆண்கள் என்று 1925-இல் லண்டனின் ரீகன்தான் கண்டார். இருட்டில் ஜோடி கிடைப்பதே அபூர்வம். எனவே கிடைத்ததும் ஆண் கடித்துப் பற்றிக்கொள்கிறது, சில இனங்களில் தோலும் ரத்த ஓட்டமும்கூட ஒன்றாகிவிடுகின்றன. அயல் உடம்பை நம் உடம்பு விரட்டுமே, இது எப்படி முடிகிறது? 2020-இல் விடை வந்தது. இப்படி ஒட்டும் இனங்கள் நோய் எதிர்ப்புக்கான முக்கியமான மரபணுக்களையே இழந்திருக்கின்றன. பரிணாமத்தில் எது முதலில் நடந்ததோ, ஆனால் சேர்ந்திருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. உன் உயிர்கள் கல்யாணத்துக்காக உடம்பில் எதை விட்டுக்கொடுக்கிறார்கள்? அதை முடிவு செய்துவிட்டு மந்திரத்தை எழுது.

அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் அர்சுலா லெ குவின் இதையெல்லாம் நன்றாக அறிந்தவர். மானிடவியலாளர் குரோபரின் மகள், அறியாமல் இருப்பாரா. ஓ என்ற ஓர் உலகத்தைப் படைத்து, மக்களைக் காலைக்காரர், மாலைக்காரர் என்று தாய்வழியில் இரண்டாகப் பிரித்தார். கல்யாணம் நான்கு பேருக்குள் நடக்கும். இரு பக்கத்திலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண். தன் பக்கத்தவரோடு உறவு கூடாது, அது பாவம். அமெரிக்க வாசகருக்கு அது எவ்வளவு விசித்திரமாக இருந்ததோ தெரியாது, எனக்குப் பத்துப் பக்கத்தில் பழகிவிட்டது. சித்தப்பா மகன் அண்ணன், மாமா மகன் முறைமாப்பிள்ளை என்று வளர்ந்தவள்தானே நான். ரத்தக் கணக்கில் இருவரும் ஒரே தூரம். ஒருவனைப் பார்த்துக் கூச்சம், ஒருவனோடு சண்டை. வழக்கம் அவ்வளவு ஆழமாக உள்ளே போகும். உன் கதாபாத்திரங்களுக்கும் ஒரே ருசிக்காரரை நினைத்தாலே உடம்பு கூச வேண்டும். விதியை விளக்கி எழுதாதே, கூசட்டும்.

எனக்கும் உன் அப்பாவுக்கும் முறை இருந்ததால் கல்யாணப் பேச்சு ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. உனக்குச் சம்மதமா என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டது என் பாட்டி ஒருத்திதான். சம்மதம்தான், அது வேறு விஷயம். ஆனால் கேட்டாளே, அது எனக்கு இன்றைக்கும் பெரிதாக இருக்கிறது. உன் கதையில் அந்தப் பாட்டி யார்? வேண்டாம் என்று சொல்ல உன் கடலில் என்ன வழி? ஆஸ்திரேலியாவில் ஒரு பறவை, ஆண், குச்சிகளால் குடில் கட்டி நீல நிறத்தில் கிடைத்ததையெல்லாம் வாசலில் பரப்பி ஆடும். பெண் வந்து நின்று பார்த்துவிட்டுப் பறந்துபோய்விடலாம், அடுத்த குடிலையும் பார்க்கலாம். அதற்கே அந்த உரிமை உண்டு. குளிரைக் கடந்து வந்தவருக்கு உணவு தராமல் விட்டால் அவர் செத்துப்போவாரே, அப்போது மறுக்க நினைக்கிறவள் என்ன செய்வாள்? ஒருவேளை கல்யாணத்துக்கான உணவு வேறு, உயிர் காக்கும் உணவு வேறு என்று அந்த ஊர் பிரித்து வைத்திருக்குமோ? பிரித்து வைக்காத ஊரும் பக்கத்திலேயே இருக்குமோ? இதை நீ யோசிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். மறுப்புக்கு இடமில்லாத வழக்கத்தை அழகு என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்போது உன் காதலர்கள். இருவரும் வேறு வேறு ஊற்று, பேச்சு முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் அவள் ஊற்று அடங்குகிறது. ஊரே புறப்பட்டு அவன் ஊரில் தஞ்சம் புகுகிறது. கொஞ்ச காலத்தில் அவள் தோலிலும் அவன் ருசி ஏறிவிடும். அப்புறம் பங்காளி! கல்யாணம் அதற்குள் நடக்க வேண்டும், முகூர்த்தமோ பனி எப்போது முனகுகிறதோ அப்போதுதான். வில்லனே தேவையில்லை, பார்.

அந்த ஊரில் முன்பு எப்போதோ இப்படித் தஞ்சம் வந்து, ருசி ஒன்றாகிப்போன பிறகும் சேர்ந்தே வாழ்கிற ஒரு கிழத் தம்பதி கட்டாயம் இருப்பார்கள். ஊர் அவர்களை எப்படி நடத்துகிறது, விசேஷத்துக்குக் கூப்பிடுகிறதா, அவர்கள் பிள்ளைக்கு யார் பெண் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அப்பாவும் அதையேதான் கேட்கச் சொன்னார். அடுத்த அத்தியாயத்தை அவர்களிடமிருந்து ஆரம்பித்து அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா