கணக்குக் கேட்கப் பழக்கு: குழுத் தலைவியாகியிருக்கும் என் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு உன்னை ஊக்குநராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னான். காகிதத்தில் ஊக்குநர் என்று இருந்தாலும் ஊரில் உன்னை இனிமேல் தலைவி என்றுதான் சொல்வார்கள். பாலக்கோடு வட்டாரத்தில் உன்னைப் போலவே முப்பது வயதுக்குள் இந்தப் பொறுப்புக்கு வந்திருக்கும் பெண்கள் பலர் இருப்பதால், உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை அவர்களும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து குழுக்களின் பதிவேடுகளைப் புரட்டியே பணிக்காலத்தைக் கழித்தவள் என்ற ஒரு தகுதியைத் தவிர வேறு உரிமை எதையும் நான் கோரவில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது தொடங்கியபோது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது. 2004-இல்தான் அது தனி மாவட்டமானது. சொத்துப் பத்திரமோ நகையோ இல்லாத பெண்களுக்கு வங்கி கடன் கொடுக்கும் என்பதை அன்றைக்கு வங்கிக்காரர்களே நம்பவில்லை. இன்று ஒரு குழுவுக்கு லட்சக்கணக்கில் பிணையில்லாமல் கடன் கிடைக்கிறதென்றால், உன் பாட்டி வயதுப் பெண்கள் கூலியில் மிச்சம் பிடித்துச் சேமித்து, வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டிக் காட்டியதால்தான். நீ ஏற்றிருக்கும் பதவியின் கீழே அந்தப் பெண்கள் சேர்த்து வைத்த நம்பிக்கை இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நொடித்துப்போன குழுக்களின் கோப்புகளைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருந்த ஒன்று உண்டு. சோம்பேறியான தலைவியால் கெட்ட குழுக்களைவிட, மிகவும் கெட்டிக்காரத் தலைவியால் கெட்ட குழுக்களே அதிகமாக இருந்தன. அவளே கூட்டம் கூட்டுவாள், அவளே பணம் வாங்குவாள், அவளே எழுதுவாள், வங்கிக்கும் அவளே வருவாள். மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதோடு சரி. தொடக்கத்தில் அவள் ஒரு ரூபாய்கூடத் தொட்டிருக்க மாட்டாள். பல பேர் கடைசி வரையிலும் தொட்டதில்லை. ஆனால் யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை என்ற பழக்கம் ஊன்றிய பிறகு, ஒரு மாதம் கணக்கில் ஒரு தொகை இடித்தால் அது எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அந்தக் குழுவில் இன்னொரு ஆள் இருக்காது. சந்தேகம் வந்த நாளில் அவளுடைய நேர்மைக்குச் சாட்சி சொல்லவும் ஆள் இருக்காது. ஆகவே தலைமைக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், தன்னைக் கணக்குக் கேட்கும்படி மற்றவர்களைப் பழக்குகிற குணத்தைத்தான் முதலில் சொல்வேன்.

நல்லவளாக இருந்தால் மட்டும் அது தானாக வந்துவிடாது. நம் ஊர்ப் பெண்கள் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள். "அந்தப் பணம் என்ன ஆச்சு" என்று ஒருத்தி கேட்டுவிட்டால் அதை ஆண்டுக்கணக்கில் மனசில் வைத்திருக்கும் ஊர் இது. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், போன கூட்டத்திலிருந்து இந்தக் கூட்டம் வரை வந்த தொகை, கொடுத்த தொகை, கையிருப்பு, வங்கியிருப்பு ஆகியவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிப்பது நீயாக இருக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்த இன்னொருத்தி படிக்கட்டும், நீ கீழே உட்கார்ந்து கேள். எழுத்தறியாதவர்கள் தங்கள் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லட்டும், அதைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் தொகை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நம் பாட்டிமார்களின் மனக்கணக்கை நான் வங்கிக் கணினிக்கு இணையாக மதிப்பேன். தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் உன் வீட்டுப் பீரோவில் பூட்டிக் கிடக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் போய் எடுத்துப் பார்க்கக்கூடிய வீட்டில் இருக்கட்டும். கூட்டம் நடக்காமலே நடந்ததாக எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உன் காலத்தில் அது ஒருமுறைகூட நடக்கக் கூடாது.

இத்தனையும் செய்தாலும், முதன்முதலாக ஒருத்தி எழுந்து உன்னைக் கேள்வி கேட்கும்போது உன் முகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அப்போ என்மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்ற வாக்கியம் உன் வாயிலிருந்து வரவே கூடாது. பார்க்க வருத்தமாகத் தெரியும். ஆனால் அதைக் கேட்டவர்களில் ஒருவரும் அதன் பிறகு வாய் திறக்க மாட்டார்கள். அவள் கேட்டது பொறாமையால் இருக்கலாம், யாரோ தூண்டிவிட்டதாகவும் இருக்கலாம். காரணத்தை ஆராயாதே. பக்கத்தைத் திறந்து காட்டு, கேட்டதற்கு நன்றி சொல், அவள் கேட்டாள் என்பதையும் பதில் என்ன என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல். அடுத்த மாதம் இரண்டு பேர் கேட்பார்கள். உனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். எரிச்சல் படுவதற்கு உனக்கு வீடு இருக்கிறது, உன் புருஷன் இருக்கிறான், கூட்டத்தில் வேண்டாம்.

நம் மண்ணின் தலைவன் என்றால் அதியமான்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவான். நெல்லிக்கனிக் கதையை மேடை ஏறுகிறவர்கள் எல்லாம் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அவன் இறந்தபோது ஔவை பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறாள்; எலும்போடு இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்போடு வேல் நுழையும் இடமெல்லாம் அவனே நிற்பான் என்றும் சொல்கிறாள். அவன் ஒன்றும் வைத்துக்கொள்ளாத துறவி என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனி. குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில், ஆபத்து வரும்போது யார் முன்னால் என்ற இரண்டே கேள்விகளில் அவள் ஒரு தலைவனை அளந்துவிட்டாள்.

உன் குழுவுக்கு அதைப் பொருத்திப் பார். வங்கிக் கடன் கேட்டதைவிடக் குறைவாக வந்தால் உன் பெயர் பட்டியலின் கடைசியில் இருக்க வேண்டும். தவணை கட்டுவதில் உன் பெயர் முதலில் இருக்க வேண்டும். உனக்கும் தேவை இருக்கும், நீயும் உறுப்பினர்தான், உன் முறை வரும்போது தாராளமாக வாங்கிக்கொள். ஆனால் இன்னொருத்தி பெயரில் கடன் எடுத்து நீ பயன்படுத்திக்கொள்ளாதே, அவளே சம்மதித்தாலும் வேண்டாம். கடன் வாங்கிக் கொடுத்ததற்கு "செலவுக்கு" என்று ஆளுக்கு இவ்வளவு பிடித்துக்கொள்கிற தலைவிகளை எனக்குத் தெரியும். வங்கிக்கு வந்துபோன பேருந்துக் கட்டணத்தைக் குழுப் பணத்திலிருந்து எடுத்துச் செலவில் எழுதுவது உரிமை. எழுதாமல் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் கமிஷன். அதிகாரி வந்து சத்தம் போடும் நாளில் நீ முன்னால் நில். "நான் சொன்னேன், இவங்கதான் கேக்கல" என்று உறுப்பினர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்ட ஒரு தலைவிக்கு, அடுத்த தேர்வில் அவளுடைய சொந்த நாத்தனாரே ஆதரவு தரவில்லை.

தவணை தவறுகிறவர்களை நடத்துவதில்தான் உன் மனப்பான்மை வெளியே தெரியும். நம் பக்கத்தில் தக்காளி விலை விழுந்தால் பறிகூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. அந்த மாதம் கட்ட முடியாமல் போனவளையும், பணம் இருந்தும் கட்டாதவளையும் ஒரே குரலில் பேசுகிறவளுக்கு இரண்டு பேரும் கட்ட மாட்டார்கள். எது எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கூட்டத்துக்கு முன்பே தனியாக அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது. வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டு வசூலிக்கும் தனியார் நுண்கடன் ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குப் பயந்து குழுப் பணத்தை எடுத்து அங்கே கட்டும் பெண்களும் உன் குழுவில் இருக்கக்கூடும். அப்படி ஒருத்தி இருந்தால் அதை உன்னிடம் சொல்லும் தைரியம் அவளுக்கு வர வேண்டும். அதே நேரத்தில், இரக்கப்பட்டு நீ ஒருத்தியாகவே யாருக்கும் தவணையைத் தள்ளிக் கொடுத்துவிடாதே. கருணை காட்டும் அதிகாரமும் குழுவுக்குத்தான். விலை விழுந்தால் எத்தனை தவணை தள்ளலாம் என்பதை, ஒருத்தியும் பாக்கியில்லாத நல்ல மாதத்திலேயே பேசித் தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால், பிறகு யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்காது.

கூட்டத்தில் கடைசியாகப் பேசு. தலைவி முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் "அக்கா சொன்னா சரிதான்" என்று எழுந்து போய்விடுவார்கள். ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியைவிட அறிவாளியான முதலமைச்சரைக் காட்டுவது கடினம். எளிமையிலும் அவரைக் குறை சொல்ல முடியாது. 1953-இல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டத்தை, சட்டமன்றத்தில் விவாதிக்காமலே கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது, 1954-இல் பதவி விலகினார், பின்னால் வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். திட்டமே தவறு என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதைக் கொண்டுவருவதற்கு முன்பே முகத்துக்கு நேராகச் சொல்லும் நிலையில் நாலு பேர் அவரைச் சுற்றி இருந்திருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது. காமராசரோ, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்று தோற்ற சி. சுப்பிரமணியத்தையே தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ஊக்குநர் தேர்வில் உன்னை எதிர்த்தவளும் உங்கள் குழுவில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் பிரதிநிதியாக அவளைக் கொண்டுவரும்படி நீயே முன்மொழிந்துவிடு. உன்னைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பேசாமல் இருப்பவர்களையும் கவனி. கூட்டம் எப்போதும் ஒரே தெருவில், ஒரே வீட்டுத் திண்ணையில் நடந்தால், அந்தத் தெருவுக்குள் கூச்சமில்லாமல் வர முடிகிறவர்கள்தான் பேசுவார்கள். நம் ஊர்களில் எந்தத் தெருவுக்கு யார் வரத் தயங்குவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ வைத்துக்கொள், எல்லோரும் ஒரே பாயில் உட்காருங்கள். ஓசூர் கம்பெனி வேலைக்குப் பேருந்தில் போய்வரும் சின்னப் பெண்களுக்கு ஒத்துவரும் நேரத்தையும் கேட்டுக்கொள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்குப் போய்விடு. தெரியாததைத் தெரியாது என்று சொல், கேட்டுவந்து சொல்வதாகச் சொல், மறக்காமல் சொல். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாக நினைக்காதே. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பு. கட்சிக்காரர்கள் வேன் அனுப்பி, "உங்க குழுவுல இருந்து இருபது பேர் வேணும்" என்று உன்னைத்தான் கேட்பார்கள். ஆள் திரட்டிக் கொடுக்கும் வேலைக்கு உன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. போக விரும்புகிறவள் தானாகப் போகட்டும். போகாதவளுக்குக் கடனில் கை வைக்கப்படும் என்ற பயம் மட்டும் வரக் கூடாது.

கடைசியாக, பதவியை விடுவதைப் பற்றி. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே தலைவி இருக்கும் குழுக்களில் போய்க் கேட்டால், வேறு யாருக்கும் வங்கி வேலை தெரியாது என்பார்கள். தெரியாமல் போனது எப்படி என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது. நீ வங்கிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வேறு ஒருத்தியைக் கூட்டிப்போ. செலானை அவள் நிரப்பட்டும், மேலாளரிடம் அவள் பேசட்டும், நீ பக்கத்தில் நின்றால் போதும். முதல் தடவை நேரமாகும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள். உன் பதவிக்காலம் முடியும் தேதியை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகப் போட்டுவிடு. அந்தத் தீர்மானத்தைத் தன் கையால் எழுதுவதற்கு, இதுவரை புத்தகத்தைத் தொடாத ஒருத்தியைப் பார்த்து வை.

அன்புடன்,
உன் அத்தை