மருந்துச்சீட்டில் இடம்பெறாத காரணங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல்நலம் அவரவர் கையில்தான் இருக்கிறது என்று வலியுறுத்திச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நடைப்பயிற்சியும் அளவான உணவும் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோயுற்றவரின் வீடும் வேலையும் அவர் சுவாசிக்கும் காற்றும் அக்கட்டுரையில் ஒரு வரியில்கூட இடம்பெறாதது, நெடுங்காலம் செவிலியராகப் பணிபுரிந்த எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

மூச்சிரைப்போடு மாதம் தவறாமல் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனின் வீட்டுக்கு ஒருமுறை செல்ல நேர்ந்தது. அவன் தலைமாட்டுச் சுவரில் ஓதம் ஏறி, தொட்டால் விரலில் கரியாக ஒட்டும் அளவுக்குப் பூஞ்சை படர்ந்திருந்தது. இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று அவனுக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்த நாங்கள், வீட்டைப் பற்றி ஒருநாளும் விசாரித்ததில்லை. வாடகைக்குக் குடியிருந்த அவன் தாய்க்கு அந்தச் சுவரைச் சரிசெய்யும் உரிமையும் இல்லை, வேறு வீடு பார்க்கும் வசதியும் இல்லை.

1848-இல், இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள மேல் சைலீசியா பகுதியில் பரவிய, பேன்களால் தொற்றும் டைஃபஸ் காய்ச்சலை ஆராய, அப்பகுதியை அன்று ஆண்ட ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, கல்வி, சாலை, வரிச்சீர்திருத்தம், மக்களாட்சி ஆகியவற்றையே தீர்வாக எழுதிக்கொடுத்தார். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்விலோ, பதவி தாழத் தாழ இதயநோய் மரணம் கூடியது. புகைப்பழக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் கணக்கில் எடுத்த பின்னும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. பழக்கவழக்கத்தை மட்டும் குறைகூறுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

வெயிலும் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. 1995 ஜூலையில் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தனியாக வசித்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள், மொட்டைமாடிக்கு நேர்க்கீழே குடியிருந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகமாக இருந்தது என்பதும், அக்கம்பக்கத்தாரோடும் நண்பர்களோடும் தொடர்பில் இருந்தவர்கள் பெரிதும் தப்பினர் என்பதும் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. திருட்டுப் பயத்தால் சன்னலைத் திறக்காமல் இருந்த முதியவரைக் கொன்றது வெப்பம் மட்டும்தான் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, உடற்பயிற்சிக் குறிப்புகளுக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியையாவது இக்காரணங்களுக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடகை வீட்டில் ஓதம் ஏறினால் அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்பதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்