ஹாட்டேர் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள செந்தில்,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் குறைவின்றித் தொடர்கிறது. ஹாட்டேர் என்ற நீள் ஆர்.என்.ஏ.வைப் போன்றவற்றைக் கொண்டு மூளைக் கட்டி நோயாளிகளின் ஆயுளைக் கணிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். பதில் தாமதமானதற்கான சாக்குகளை நீயே நிரப்பிக்கொள். உன் மாணவியின் ஆய்வுத் திட்டத்தைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

புரதத்தை உருவாக்காத நீள் ஆர்.என்.ஏ.க்களில் சிலவற்றைப் பொறுக்கி, டி.சி.ஜி.ஏ. என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பின் தரவுகளைக் கொண்டு கிளியோமா என்ற மூளைக் கட்டி நோயாளிகளை ‘அதிக ஆபத்து’, ‘குறைந்த ஆபத்து’ என்று பிரித்து, உயிர்வாழ்வு வரைபடத்தில் இரு கோடுகளும் விலகி நிற்பதைக் காட்டியிருக்கிறாள். விலகாமல் என்ன செய்யும்? இரண்டாம், மூன்றாம் நிலைக் கட்டிகளோடு மிகக் கொடிய நான்காம் நிலையான கிளியோபிளாஸ்டோமாவையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ளவர்களையும் (இவர்கள்தான் பொதுவாக நீண்ட நாள் வாழ்பவர்கள்) இல்லாதவர்களையும் பிரித்துக் காட்டும் எந்த மூலக்கூறும் முன்கணிப்புக் குறியீடாகவே தோன்றும். ஹாட்டேரையே எடுத்துக்கொள். கட்டியின் நிலை உயர உயர அதன் அளவும் உயர்கிறது, அளவு மிகுந்தவர்கள் விரைவில் இறக்கிறார்கள் என்று 2013 முதலே எழுதி வருகிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. மரபணுவின் மெத்திலேற்றம் (மருந்துக்குக் கட்டி இணங்குமா என்று காட்டும் வேதிமாற்றம்), வயது மூன்றும் தெரிந்த பிறகு அது புதிதாக என்ன சொல்கிறது? பெரும்பாலான ஐ.டி.எச். மாற்றங்களை ஓர் ஆன்டிபாடி சாயமே காட்டிவிடுகிறது. அதையே சுற்றி வளைத்துச் சொல்ல இத்தனை ஆர்.என்.ஏ. எதற்கு?

இந்தத் துறையில் எனக்கு உண்மையான வியப்பைத் தருவது வேறொன்று. 19ஆம் குரோமோசோமில் நாற்பதுக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. (மிகக் குட்டையான ஆர்.என்.ஏ.) மரபணுக்கள் நெருங்கி நிற்கும் சி19எம்.சி. கொத்து, குரங்கினத்துக்கும் மனிதனுக்கும் மட்டுமே உரியது. வழக்கமாக நஞ்சுக்கொடியில்தான் விழித்திருக்கும். சின்னஞ்சிறு குழந்தைகளின் கொடிய மூளைக் கட்டி ஒன்றில் அது பன்மடங்காகப் பெருகிக் கிடப்பதால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் அக்கட்டியின் பெயரிலேயே அதைச் சேர்த்தது. ஆக, இதுவரை பெற்ற பெரிய வெற்றி முன்கணிப்பில் அன்று, நோயறிதலில்தான்.

நான் கவலைப்படக் காரணம் உண்டு. கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு என்ற மருந்தையும் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை (மீடியன்) வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானதையே 2005இல் பெரும் முன்னேற்றமாகக் கொண்டாடினோம். அந்த இரண்டரை மாதத்துக்காக நிலத்தை அடகு வைக்கும் குடும்பத்திடம், சரியாகச் சோதிக்கப்படாத மதிப்பெண் ஒன்றைக் காட்டி ‘அதிக ஆபத்து’ என்றால், மறுநாளே நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களை நீயும் பார்த்திருக்கிறாய்.

எனவே ஐ.டி.எச். மாற்றமில்லாத கிளியோபிளாஸ்டோமாவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல். முடிவைச் சீனக் கிளியோமாத் தரவுத்தொகுப்பிலும் சோதிக்கட்டும். நீள் ஆர்.என்.ஏ.க்கள், கட்டித் திசுவை மெழுகில் பதித்து வைத்த பழைய பாரஃபின் பிளாக்குகளில் சிதைந்து போகும். 22 எழுத்தளவே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் தாங்கும் என்பதால் மிர்-21, மிர்-10பி ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. நெறிமுறைக் குழுவின் அனுமதியை அவள் வாங்கி வரட்டும். பிளாக்குகளை நான் தேடி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ரகு