திருப்பூர் சாயக்கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலைய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு வணக்கம்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் ஆலையை ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்பதும் தெரியும். அந்தச் சிரமத்தைக் கொஞ்சம் குறைக்க நம் ஊர்க் குப்பையே உதவும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கட்டிங் மேஜையில் துணிமேல் விரித்துத் துணியோடு வெட்டுப்படும், அளவு வரைந்த மார்க்கர் பேப்பர், நூல் தீர்ந்த கோன், நைந்த அட்டைப்பெட்டி என்று பனியன் கம்பெனிகளில் காகிதம் குவிகிறது. நல்லதெல்லாம் பேப்பர் மில்லுக்குப் போகட்டும், அதுதான் முறை. எண்ணெய் பட்டது, மழையில் ஊறிப் பூஞ்சை பிடித்தது என்று மில்காரர்களே ஒதுக்குவதைத்தான் சொல்கிறேன். அதிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைக் கரி, செய்யலாம்.

காகிதத்தில் பெரும்பகுதி செல்லுலோஸ். காற்றுப் புகாமல் சுட்டால் கரியாகும். அந்தக் கரியில் 800 டிகிரி வாக்கில் நீராவி செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். பக்குவமாகச் செய்த ஒரு கிராம் கரிக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கும். துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிட்ட சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் சுண்ணாம்பும் களிமண்ணும் சேர்ந்திருப்பதால் சாம்பல் அதிகம் வரும். அதை அமிலத்தில் கழுவி எடுக்க வேண்டும், செலவுதான்.

ஒரு பாட்டில் சாயத்தண்ணீரில் இந்தக் கரியைப் பொடித்துப் போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்டிப் பாருங்கள். நிறம் இறங்கித் தெளிந்துவிடும். அப்புறம் அதே தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வையுங்கள். எண் பெரிதாக இறங்காது, ஏனென்றால் கரி உப்பைப் பிடிக்காது. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் கிணறுகளையும் காடுதோட்டங்களையும் கெடுத்ததில் இந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே, நிறம் போய்விட்டதே என்று யாராவது அந்தத் தண்ணீரை நொய்யலில் திறந்துவிட நினைத்தால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

இதற்கு உரிய இடம், தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. எந்திரத்துக்கு முன்னால். மிச்சமிருக்கும் நிறத்தையும் குளோரினையும் கரி அங்கேயே பிடித்துக்கொண்டால் ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வான மெம்ப்ரேன் சீக்கிரம் கெடாது. காங்கேயத்துத் தேங்காய்த் தொட்டிக் கரி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். தொட்டிக் கரி கெட்டியானது, பில்டரில் நிரப்ப அதுதான் நல்லது. காகிதக் கரி மிருதுவானது, பொடியாகக் கலந்து பின்னர் வடித்தெடுக்கத் தோதானது. ஆனால் திறந்த குழியில் சுட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்து, அக்கம்பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். மூடிய உலையில்தான் சுட வேண்டும்.

ஏதாவது ஒரு நிலையத்தில் சிறிய அளவில் சோதித்துப் பாருங்கள். நிறம் எவ்வளவு இறங்கியது, செலவு என்ன ஆனது, சாயம் ஏறிய கரி எங்கே போனது, மூன்றையும் ஊரறியச் சொல்லுங்கள். வேண்டிய காகிதத்தைத் தரம் பிரித்துச் சேர்த்துத்தர எங்கள் வீதிக்காரர்கள் தயாராக இருக்கிறோம். எப்போது கொண்டுவரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நொய்யல் கரையோரம் குடியிருப்பவன்