வழிக்குறை

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போனில் பேசினால் "சாப்டியா, தூங்குனியா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அம்மா எட்டிப் பார்ப்பாள். அதனால்தான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சித்தப்பா மேல்காட்டில் கவாத்து வெட்டி முடித்துவிட்டார். பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, குன்னூர் ஏலத்தைப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் ஆயுசு போகிறது. போன வாரம் கரடி வந்து முக்குக் கடைக் கதவை உடைத்து எண்ணெய் டின்னைத் தூக்கிப் போய்விட்டது. இருட்டினால் அம்மா என்னையும் வெளியே விடுவதில்லை.

பணம் வந்தது. எப்போதும் 3-ஆம் தேதி வரும், இந்தத் தடவை 17-ஆம் தேதி வந்தது. வேறு பேங்கிலிருந்து வந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் பேரேடு எழுதியவன் கண்ணில் தேதியும் தொகையும்தான் முதலில் படும். அம்மாவிடம் சொல்லவில்லை. எங்களுக்கு பி.எஃப். பென்ஷன் இருக்கிறது, வீட்டுக்கு வாடகை இல்லை. இனிமேல் கொஞ்ச நாள் நீ அனுப்ப வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

நீ வீடு மாறியதைப் பெரியப்பா மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சின்ன வீடு என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீபாவளிக்கும் நீ வரவில்லை. அம்மா சுட்ட அதிரசம் டப்பாவில் அப்படியே இருக்கிறது. பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வீடு மாறும் அளவுக்கு என்ன நடந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எங்கே சுற்றினாலும் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் வந்து நிற்கிறேன்.

ஊரில் யாராவது உன் வேலையைப் பற்றிக் கேட்டால் எனக்கு நெஞ்சு நிமிரும், அது உனக்குத் தெரியாது. "பிசினஸ் டெக்னாலஜி கன்சல்டன்ட்னா கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் மாட்டுற வேலைங்களா?" என்பார்கள். அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனிக் கதையைச் சொல்லுவேன். மூன்று நாள் குடோனில் ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாலாம் நாள், "அண்ணா, உங்க சட்டைப்பையில ஒரு சின்ன நோட்டு இருக்கே, அதைக் காட்டுவீங்களா?" என்று நீ கேட்டது. அவர் பத்து வருஷமாக யாருக்கும் காட்டாத நோட்டை உன்னிடம் கொடுத்தது. "எல்லா எடத்துலயும் அப்படி ஒரு நோட்டு இருக்கும்ப்பா. கம்பெனி நடக்குறது அதுலதான். அதைக் கேக்காம எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் நிக்காது" என்றாய். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கக் கதையையும் நீ சொல்லித்தான் கேட்டேன். சின்னக் குழுவாகச் சேர்ந்து வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் புது மெஷின் வந்ததும் மூன்று ஷிஃப்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு வேலை கொடுத்தார்கள், எதிர்பார்த்த அளவு கரி வரவில்லை என்று டிரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இருவர் 1951-ல் எழுதியதைச் சொன்னாய். அந்த பாம்ஃபோர்த் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று சொன்னபோது உன் குரல் மாறியது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு அது புரியாதா.

ஆனால் தபால் ஆபீஸ் கதையை நீ ஏன் சொன்னாய் என்று அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வந்தது. 2024 பொங்கலுக்கு வந்திருந்தாய். பிரிட்டனில் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு, இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது, அதை நம்பி, தபால் ஆபீஸ் நடத்தியவர்களில் 900 பேருக்கும் மேல் திருடர்கள் என்று தண்டித்துவிட்டார்கள், சிலர் ஜெயிலுக்கே போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். நான் பாதியில் எழுந்து போனேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போகிறேன் என்று நினைத்திருப்பாய். மோட்டார் ஓடவே இல்லை பாப்பா.

ஆயுத பூஜை அன்று நடந்ததற்கு வருகிறேன். லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்துவிட்டு அடுப்படிப் பலகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "புது சிஸ்டம் வந்தா 38 பேரு தேவையில்லைன்னு நான் அறிக்கை எழுதித் தரணுமாம்ப்பா. அவங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நான் உக்காந்து பாத்திருக்கேன். தேவையில்லைன்னு எழுதக் கை வரல. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாய்.

"நமக்கு எதுக்குப் பாப்பா ஊர் வம்பு? கேட்டதை எழுதிக் குடுத்துட்டுப் பொழப்பைப் பாரு" என்றேன்.

நீ ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். வேலை அவசரம் என்று அம்மாவிடம் சொன்னாய்.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாய். நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

தராசு மாமாவுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று உனக்கு ஒன்பது வயதில் சொன்னேன். அது பொய்.

ஷெட்டில் அவர் இலை நிறுத்து ரசீது போடுவார். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கல்லை எடுத்துக் கொடுப்பாய், உன்னை அவர் "அரைக்கிலோ" என்று கூப்பிடுவார், அதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். உனக்குத் தெரியாதது, அந்த இலை லாரி ஏறி ஃபேக்டரி வருவதற்குள் எடை குறையும் என்பது. ஷெட்டில் 50 கிலோ நிறுத்த சாக்கு கேட்டில் 48 காட்டும், மழை நாளில் இன்னும் குறையும். இலையோடு வந்த தண்ணீர் வழியெல்லாம் வடியும். வெயில் நாளில் இலை வாடிக் குறையும். அதற்கென்று என் கச்சா நோட்டில் ஒரு பத்தி போட்டு "வழிக்குறை" என்று நானே பெயர் வைத்திருந்தேன். எந்த ஷெட்டிலிருந்து, என்ன மழை, லாரி எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் அதில் குறித்து மாசக் கடைசியில் பேரேட்டில் நேர் செய்வேன். பெரிய முதலாளிக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, தராசு மாமாவைத் தவிர.

1999-க்குப் பிறகு இலை விலை விழுந்தது. பெரிய முதலாளியும் போய்விட்டார். 2001-ல் கேட்டில் எலெக்ட்ரானிக் தராசும் ஆபீஸில் கம்ப்யூட்டரும் வந்தன. அதைப் போட்டுக் கொடுக்க ஒருவர் வந்தார், இன்றைக்கு நீ பார்க்கும் வேலைதான். ஆபீஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டினார். ஷெட்டுப் பக்கம் போகவில்லை. என் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

கேட்காதது அவர் தவறு. கேட்காமலே எடுத்துக் கொடுத்திருக்கலாம், அது என் தவறு. கொடுத்தால் என் கணக்கு மெஷினுக்குள் போய்விடும், நான் எதற்கு என்று கேட்பார்கள் என்று பயந்தேன். அந்த நோட்டுதான் எனக்குக் காப்பு என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வருஷம் அது. இருந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். பத்து வயதில் சிலோனிலிருந்து வந்து ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் உன் அப்பாயி எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது என்று நினைத்தேன். காரணம் சொல்கிறேனே தவிர, நியாயம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் வழிக்குறைக்குப் பத்தி கிடையாது. ஷெட் எடை ஒரு பக்கம், கேட் எடை ஒரு பக்கம், நடுவில் "பற்றாக்குறை", அதற்கு நேராக அவர் பெயர். ஐப்பசி மழை. தினமும் அவர் பெயர் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். "கணக்கப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல வர்றதுதாங்க கணக்கு" என்றேன்.

தராசு மாமா கதவோரம் நின்றிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப்பையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே அவர் கணக்கை நானே முடித்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்து வந்த பையனுக்கும் பற்றாக்குறை வந்தது. அப்போது போய், ஈரத்துக்கு ஒரு கழிவுப் பத்தி சேர்க்கலாம் என்று யோசனை சொன்னேன். சேர்த்தார்கள். கணக்கு நேரானது. என்னைப் பாராட்டி அந்த வருஷ போனஸில் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் உனக்கு ஸ்கூல் ஸ்வெட்டர் எடுத்தோம்.

இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அவர் இப்போது மார்க்கெட்டில் கேரட்டும் மலைப்பூண்டும் விற்கிறார். இத்தனை வருஷமாக அந்தச் சந்து வழியாக நான் போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை போனேன். உன்னால்தான் போனேன். ஒரு கிலோ கேரட் கேட்டேன். நிறுத்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டு, "அரைக்கிலோ எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் ஒரு கிலோ கேட்டேன், அப்புறம் இன்னும் ஒரு கிலோ. மூன்று கிலோ கேரட்டை வைத்து என்ன செய்வது என்று அம்மா சத்தம் போட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் போவேன். இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

பாப்பா, நீ அந்த அறிக்கையை எழுதிக் கொடுத்தாயா, முடியாது என்று எழுந்து வந்துவிட்டாயா, நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தால், எழுதச் சொன்னது நான், அதை நீ தனியாகச் சுமக்காதே. எழுந்து வந்திருந்தால், உன் அப்பாவால் முடியாததை நீ செய்திருக்கிறாய். எப்படியானாலும் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. குளிருக்கு ரஜாயை வெயில் அடித்த அன்று உதறிப் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. வேளாவேளைக்குச் சாப்பிடு. பணம் அனுப்பாதே.

புது முகவரியைப் பெரியப்பா மகனிடம்தான் வாங்கினேன், அவனைத் திட்டாதே.

இந்தக் கடிதத்தோடு அந்த நோட்டையும் கூரியரில் அனுப்புகிறேன். இத்தனை வருஷம் டிரங்குப் பெட்டியில் பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நீ கேட்டு வாங்கிய நோட்டுகளோடு இதுவும் இருக்கட்டும். ஐப்பசி மாதப் பக்கங்கள் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிக்கும்போது பார்த்து, மெதுவாகப் பிரி.

அன்புடன்,
அப்பா