பட்டாளத்தார் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அம்மப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் பலருக்கு விளங்காது. "பட்டாளத்தார் வீடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் படலை வரை கூட்டிவந்து விடும். அவர் காலமாகி இருபது வருடம் கடந்தும் அந்தப் பெயர் வீட்டோடு நிற்கிறது. எந்தப் பட்டாளம், எங்கே நின்றார் என்று சொல்லத்தான் இப்போது ஆளில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம், 1940 இல் இருபது வயதில் புகையிலைத் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வெள்ளைக்காரர் ஆட்சியின் கரையோரப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். திருகோணமலையில் போட்டார்கள். 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது அங்கேதான் நின்றார். எண்ணெய்க் குதம் பற்றி எரிந்ததைச் சொல்லுவார். அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாண்டுபோனது. "சத்தமெல்லாம் நிண்ட பிறகுதான் பிள்ளை, கை நடுங்கத் தொடங்கினது" என்பார். அதற்குமேல் வீரம் பேசி நான் கேட்டதில்லை.

சண்டை முடிந்து வந்து பழையபடி மண்வெட்டி பிடித்தார். ஆனாலும் விடிய நாலு மணிக்கு எழும்புவதும், பட்டாளத்துக் கம்பளியை மூலை பிசகாமல் மடிப்பதும் கடைசிவரை மாறவில்லை. 1955 இல் இலங்கைத் தரைப்படைக்கு முதல் இலங்கைத் தளபதியாக அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர் வந்தபோது, பேப்பரில் வந்த படத்தை வெட்டிப் பெட்டிக்குள் வைத்தாராம். அடுத்த வருடமே தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

பிறகு 'ஆமி' என்ற சொல்லே எங்கள் வீடுகளில் பயத்தின் பெயராகிவிட்டது. "நான் ஆமிக்காரன் இல்லை, பட்டாளத்தான்" என்று அம்மப்பா பிரித்துச் சொல்லுவார். அந்த வித்தியாசம் யாருக்கு விளங்கும்? சீருடைப் படம், விடுகைப் பத்திரம், பதக்கங்கள் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டுக் கோழிக்கூட்டுக்குக் கீழே தாட்டார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்து இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்தபோது பெட்டி மண்ணுக்குள் கிடந்தது. அடுத்த வருடம் திரும்பிவந்து கிண்டினோம். கடதாசியெல்லாம் கூழாகிப் போயிருந்தது. இரண்டு பதக்கங்கள் மட்டும் மிஞ்சின.

2003 இல் போர்நிறுத்தத்தால் பாதை திறந்திருந்த காலம், திருகோணமலை நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னார். தோள் சால்வையை எடுத்துக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, எண்பத்து மூன்று வயதில் ஆடாமல் அசையாமல் நின்றார். அந்த நிலையில் நான் அவரை அதற்கு முன் பார்த்ததேயில்லை.

இப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். அவர்களை நேரே கண்டவர்களும் இப்போது முதியவர்களாகி விட்டார்கள். அந்தக் குடும்பங்கள் எழுதுவதற்கு உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சிறு இடம் ஒதுக்குங்கள். அலுமாரி துப்புரவாக்கும்போது பழைய காக்கிப் படமோ கையேடோ அகப்பட்டால், வாசகர்கள் தயவுசெய்து எறிய வேண்டாம். தொடக்கமாக அம்மப்பாவின் பதக்கங்களின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடுவில்.